முதல் நாவல் 40 பக்கத்தில் நிற்கிறது: வாசிப்பதை நிறுத்திவிடவா?

செந்தூல் மல்லி | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதியதில்லை. கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

நாவல் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். 1943, மலாயாவின் கெடாவில் கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போன காலம். என் பாட்டியின் கதை என்றும் சொல்லலாம். தாத்தா போனார், திரும்பவில்லை. மாமாவுக்கு அப்போது ஆறு வயது, அம்மா கைக்குழந்தை.

மூன்று அத்தியாயம் முடிந்தது, 40 பக்கம். முதல் அத்தியாயத்தை மட்டும் ஏழு தடவை திருத்திவிட்டேன். எனக்குக் கணக்கு எழுதும் வேலை. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் எழுதுவேன். அப்புறம் செந்தூலிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரைக்கும் கொமுட்டரில் வாசிப்பு. சிக்கல் அங்கேதான். விடியலில் நான் எழுதியதை ரயிலில் பிரிக்கும் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது. போன மாதம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை மறுபடி எடுத்தேன். அதற்குப் பிறகு பதினொரு நாள் ஒரு வரிகூட எழுதவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை கூடுகிற வாசகர் வட்டத்துக்கும் போகிறேன். அடுத்தவர் நாவல் எந்த இடத்தில் தொய்கிறது என்று பத்து நிமிடம் பேச வருகிறது. என்னுடையது எங்கே தொய்கிறது என்று மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுதி முடிக்கும்வரை வாசிப்பை மூட்டை கட்டி வைத்துவிடவா?

ஈப்போ ரோடு | ஞாயிறு, இரவு 11.05

வையுங்கள். வாசகர் வட்டத்தையும் சேர்த்து வையுங்கள். சமையலைப் பற்றிப் பேசிப் பேசியே பசியாறிவிட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

ஏழாம் பிளாட்பாரம் | திங்கள், காலை 7.50

மல்லி அக்கா, சிங்காரத்தைப் படித்துவிட்டு கை ஓடாமல் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு மூன்று மாதம் ஓடவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் பதினெட்டு வயதில் சுமத்திராவில் இருக்கும் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர். யுத்தத்தை அங்கேயே பார்த்தார். 1946-ல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்தார். எழுதியது மொத்தம் இரண்டே நாவல். ‘கடலுக்கு அப்பால்’ 1959-ல் வந்தது, ‘தோணி’ 1972-ல். எழுதி முடித்தும் பல வருடம் பதிப்பிக்க ஆள் இல்லாமல் கிடந்தது. நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்து எழுதும் நாற்பது பக்கத்தைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தால் எப்படி?

நான் செய்ததைச் சொல்கிறேன். பினாங்கு வரும் பக்கங்களில் ஒன்றை எடுத்துப் பேனாவால் நோட்டில் அப்படியே எழுதினேன், கணினியில் இல்லை. வாசித்தபோது ‘ஆகா’ என்று தாண்டிய இடமெல்லாம் எழுதும்போது வேறு மாதிரி தெரிந்தது. தெருப் பெயர், கடைப் பெயர், ஆட்களின் தொழில், யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார், ஊர் தானாக எழுந்து நிற்கிறது. அழகான என்ற சொல்லைத் தேடினேன், அந்தப் பக்கத்தில் அகப்படவில்லை. வாசிப்பை விட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். அவ்வளவுதான்.

தண்ணீர்மலை டீச்சர் | திங்கள், மாலை 5.20

ஈப்போ ரோடு தம்பி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த நாட்டில் தமிழில் கதை எழுதியவர்கள் கூடிப் பேசித்தான் எழுதினார்கள். 1950-ல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகையில் பாடம், வாசகர்களுக்குப் பயிற்சி. அதில் எழுதிப் பழகியவர்கள்தான் பிறகு பெயர் சொல்லும் எழுத்தாளர்கள் ஆனார்கள். அடுத்து கு. அழகிரிசாமி அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்தார். கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் வைத்து, கதைகளை நடுவில் போட்டு அலசினார். பாவம், எத்தனை பேருக்கு முகம் சுண்டியதோ. ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள்.

நானும் ஒரு நாவல் எழுதினேன், போட்டிக்கு அனுப்பினேன், பரிசு இல்லை. கையெழுத்துப் படி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதை எழுதின ஒன்றரை வருடமும் நாவல் பக்கமே போகவில்லை. சித்த வைத்தியம், மீன் வளர்ப்பு, பழைய பஞ்சாங்கம் என்று கண்டதை வாசித்தேன். கதைக்கு வேண்டிய சாமான் அங்கேதான் கிடைத்தது. அடுத்தவர் நாவலில் கிடைப்பது சமைத்து முடித்த குழம்பு. அதை எடுத்து நம் குழம்பில் ஊற்ற முடியாது.

சரி, பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது. மல்லி, முதல் பக்கத்தைப் போடும்மா.

நெறியாளர் | திங்கள், மாலை 6.02

போடலாம், ஒரு பத்தி மட்டும். குறை சொல்பவர்கள் எந்த வரி என்று காட்டிச் சொல்லவும்.

செந்தூல் மல்லி | திங்கள், இரவு 9.30

கை நடுங்குகிறது. இதோ, ஏழாவது திருத்தம்:

“இருள் இன்னும் கலையவில்லை. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் மரங்களின் மேல் நடுங்கியது. அஞ்சலை உளியை எடுத்துப் பட்டையில் கோடு இழுத்தாள். வெள்ளைப் பால் கண்ணீராய் வழிந்து மங்கில் சொட்டியது. மங்கு நிறைகிறது, என் வயிறு நிறையவில்லையே என்று எண்ணிக்கொண்டாள். அவள் வேதனை புரிந்ததுபோல் கித்தா மரங்களும் மௌனமாய் அழுதன.”

ஏழாம் பிளாட்பாரம் | திங்கள், இரவு 9.48

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த நாட்டில் கித்தா மரம் அழாத கதை ஏதாவது உண்டா? ‘கண்ணீராய்’, ‘மௌனமாய் அழுதன’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். ‘மங்கு நிறைகிறது’ வரியை நான் எங்கேயோ படித்திருக்கிறேன், எங்கே என்று ஞாபகம் வரவில்லை. அதுவேதான் குறை.

ஈப்போ ரோடு | திங்கள், இரவு 10.15

மூன்று வரியில் ஐந்து நாவல் தெரிகிறது. வாசிப்பை நிறுத்தச் சொன்னது இதற்குத்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சயாம் ரயிலைப் பற்றி ஆர். சண்முகம் 1993-லேயே எழுதிவிட்டார். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005-ல் வந்தது. மூன்றாவது எதற்கு?

தண்ணீர்மலை டீச்சர் | திங்கள், இரவு 10.40

415 கிலோமீட்டர் பாதை தம்பி. இரண்டு நாவலில் முடிந்துவிடுமா? அந்த இரண்டும் போனவர்களோடு சேர்ந்து போகிற கதைகள். மல்லியின் பாட்டி போகவில்லையே, தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் அல்லவா இருந்தார்.

மல்லி, ‘கித்தா’ என்று எழுதினாயே, நல்லது. ‘ரப்பர்’ என்று மாற்றிவிடாதே. தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியுமா என்று பயந்து அடிக்குறிப்பும் போடாதே. இரண்டு பக்கம் தாண்டினால் தானாகப் புரியும். நாம் மதுரைப் பேச்சைப் புரிந்துகொண்டு படிக்கவில்லையா?

பழைய கிராணி | செவ்வாய், காலை 6.10

மல்லி அவர்களுக்கு. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். 1967-லிருந்து முப்பது வருடம் தோட்டத்தில் கிராணி உத்தியோகம், அதாவது ஆபீஸ் குமாஸ்தா. இலக்கியம் எனக்குத் தெரியாது. மகள் இந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தாள், பொழுது போக வாசிக்கிறேன். தோட்டம் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியது பால் வெட்டு என்ற அளவில் சரிதான். விடியுமுன் போவதும் சரி, குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். கோட்டைச் சும்மா இழுக்க முடியாது. இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே சரிய வேண்டும், மரத்தைச் சுற்றிக் கால் நகர்ந்துகொண்டே இருக்கும். பட்டையைக் கொஞ்சம் ஆழமாகத் தொட்டால் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் தண்டல் வாயில் வந்ததைப் பேசுவார். இதையெல்லாம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய சிக்கல் வேறு. 1943-ல் உங்கள் அஞ்சலை யாருக்காகப் பால் வெட்டுகிறாள்?

மலாயா ரப்பரை வாங்கியவர்கள் அமெரிக்காவும் வெள்ளைக்காரனும். ஜப்பான்காரன் வந்ததும் அந்த வாசல் அடைபட்டது. அவனுக்கு வேண்டியது கொஞ்சம்தான், மீதியை யார் வாங்குவார்கள்? துரைமார்கள் சிங்கப்பூருக்கு ஓடிப்போய் அங்கே பிடிபட்டார்கள். பெரும்பாலான தோட்டங்களில் வெட்டு நின்றது. நெறைகளுக்கு, அதாவது மர வரிசைகளுக்கு, நடுவில் லாலாங் புல் ஆளுயரம் நின்றதாம். அரிசி இல்லை, துணி இல்லை. கோணிச்சாக்கில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள் என்று அம்மா சொல்லுவார். வாழை மரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனாலும் சாமான் கிடைக்காது. அப்புறம் அந்த நெற்றி விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது?

வெட்டு நின்றதால்தான் ஆட்கள் சும்மா இருந்தார்கள். சும்மா இருந்ததால்தான் பிடிப்பது சுலபமாயிற்று. லாரியில் அள்ளிப்போட்டது உண்டு. மூன்று மாத வேலை, சம்பளம், சாப்பாடு என்றதும் தானாகக் கை தூக்கியவர்களும் உண்டு. இதை விட்டுவிட்டால் உங்கள் தாத்தா ஏன் போனார் என்பதே நாவலில் விளங்காது.

சாப்பிட்டது மரவள்ளிக் கிழங்கு. காலையிலும் அதுதான், ராத்திரியும் அதுதான். கித்தா மரத்தைச் சாய்த்துவிட்டுக்கூட நட்டார்கள். நாவலை அங்கே ஆரம்பிக்க முடியுமா பாருங்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் பிளாட்பாரம் | செவ்வாய், காலை 7.45

ஐயா, கும்பிடுகிறேன். ரயிலில் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

செந்தூல் மல்லி | புதன், இரவு 11.20

ஐயா, நேற்று முழுக்க உங்கள் மேல் கோபமாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு தடவை திருத்தினேன் என்றேன் இல்லையா? ஏழு தடவையும் சொல்லைத்தான் திருத்தியிருக்கிறேன். அந்த வருடம் வெட்டு நடந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. தோட்டத்து நாவல் என்றால் விடியலில், விளக்கோடு, பால் வெட்டில் ஆரம்பிக்க வேண்டும் என்று எப்போது மனதில் ஏறியது என்றே தெரியவில்லை.

மரவள்ளி என்று படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும். பாட்டி எங்களோடு செந்தூலில் இருந்தார். ஹரிராயா பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் ஒரு தட்டு நிறைய பிங்கா உபி, மரவள்ளியில் செய்யும் பலகாரம், கொண்டுவந்து கொடுத்தார். சூடு ஆறாத தட்டு, மேலே கொஞ்சம் கருகின மாதிரி, தேங்காய்ப் பால் வாசனை. பாட்டி இரண்டு கையாலும் வாங்கினார், சிரித்தார், மலாயில் நன்றி சொன்னார். கதவைச் சாத்தினார். நேராகப் பின்பக்கம் போய்க் கோழிக்குக் கொட்டினார். நானும் தம்பியும் அழுதோம். பாட்டி ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கழுவித் துடைத்து, அதில் நாலு முறுக்கு வைத்து, திருப்பிக் கொடுக்க என்னை அனுப்பினார்.

எங்கள் வீட்டில் மரவள்ளி வாங்கியதே இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அது பாட்டிக்கு ஆகாது, அரிக்கும்” என்றுதான் அம்மாவும் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

ஈப்போ ரோடு | புதன், இரவு 11.34

தங்கச்சி, கையில் கோழிக்குக் கொட்டிய தட்டை வைத்துக்கொண்டு கித்தா மரத்தை எதற்கு அழவிட்டீர்கள்?

மூன்றாவது எதற்கு என்று கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செந்தூல் மல்லி | சனி, காலை 6.30

மூன்று நாள் எதையும் வாசிக்கவில்லை. வேண்டுமென்றே இல்லை, நேரம் போனது தெரியவில்லை. பழைய முதல் அத்தியாயத்தை ‘பழசு’ என்று பெயர் போட்டுத் தனியாக வைத்துவிட்டேன், அழிக்க மனம் வரவில்லை. புதுசு இப்படி ஆரம்பிக்கிறது:

“துரை பங்களாவின் பூப்பாத்தியில் ரோஜாச் செடிகளைப் பிடுங்கி ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். அஞ்சலை மரவள்ளிக் குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கணு மேலே பார்க்கும்படி சாய்த்து ஊன்றினாள். பிள்ளை இடுப்பில் இருந்தது.

‘எத்தன மாசத்துல கெழங்கு வைக்கும்?’ என்றான் மூத்தவன்.

‘எட்டு மாசம்.’

‘அப்பா அதுக்குள்ள வந்துருவாரா?’

‘மூணு மாசம்னுதான சொன்னாங்க.’

எட்டிலிருந்து மூன்றைக் கழிக்கத் தெரியாத வயது அவனுக்கு.”

தண்ணீர்மலை டீச்சர் | சனி, காலை 8.15

நன்றாக இருக்கிறது. ரோஜாவைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள் என்பது போதும், துரை ஓடிவிட்டான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரி மட்டும் வேண்டாம். அது அஞ்சலை நினைப்பதும் இல்லை, பையன் நினைப்பதும் இல்லை. எழுதுகிறவள் எட்டிப் பார்க்கிறாள். ‘சொன்னாங்க’ என்பதோடு விட்டுவிடு.

ஏழாம் பிளாட்பாரம் | சனி, காலை 9.02

எனக்கு அந்த வரி பிடித்திருந்தது டீச்சர்.

தண்ணீர்மலை டீச்சர் | சனி, காலை 9.10

எனக்கும்தான் பிடித்திருந்தது. அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன். நான் எடுக்காமல் விட்ட வரிகள் எல்லாம் புடவைக்கு அடியில் இருக்கின்றன.

செந்தூல் மல்லி | சனி, காலை 9.40

எடுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வைப்பேனோ என்னவோ.

கிராணி ஐயாவுக்கு ஒரு விஷயம். இரண்டாவது அத்தியாயத்தில் சயாமுக்கு அனுப்பும் ஆள் பெயர்ப் பட்டியல் எழுதுகிற கிராணி ஒருவர் வருகிறார். மோசமான ஆள். தங்கப் பல், தொப்பை, சுருட்டு. தன் சொந்தக்காரர்கள் பெயரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரை எழுதுகிறார். உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ என்று யோசனையாக இருக்கிறது. பெயரை மாற்றலாம், ஆளை மாற்ற முடியுமா தெரியவில்லை.

ஈப்போ ரோடு | சனி, காலை 10.00

மாற்றாதீர்கள். வருத்தப்படுவார்களே என்று பார்த்தால் நாவல் எழுத முடியாது, கல்யாணப் பத்திரிகைதான் எழுதலாம். ஆனால் தங்கப் பல்லை எடுத்துவிடுங்கள். பழைய சினிமாவில் நிறையப் பார்த்தாகிவிட்டது.

பழைய கிராணி | ஞாயிறு, காலை 5.55

நேற்று எழுத உட்கார்ந்து, எழுதாமல் விட்டேன்.

என் அப்பாவும் கிராணி. யுத்த காலத்திலும் அதே தோட்டம்தான். பட்டியல் அவர் கையால்தான் போனது. வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அவர் 1981-ல் தவறினார். கடைசி வருடங்களில் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வயதானவர்கள் தெருவில் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். எங்களுக்குக் காரணம் தெரியாது, கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டோம். மீதியை அம்மா பிறகு சொன்னார், அதுவும் துண்டு துண்டாக.

மேலேயிருந்து இத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிக்கை வரும். பெயர் வராது. பெயர் இவர்தான் போட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எழுதுகிறவன் பெயரையே சேர்த்துக்கொள் என்பார்களாம். எங்கள் பெரியப்பா பெயர் அதில் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை.

அவருக்குத் தங்கப் பல் இல்லை. ஒல்லியான ஆள். சாமி கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். உங்கள் நாவலில் அவரை நல்லவராக்க வேண்டாம். தொப்பையை மட்டும் எடுத்துவிடுங்கள், அந்தக் காலத்தில் யாருக்கும் தொப்பை இருக்கவில்லை.

செந்தூல் மல்லி | ஞாயிறு, காலை 7.20

ஐயா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டாவது அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதப்போகிறேன், ஆறேழு மாதம் ஆகும். அந்த மேசையும் பட்டியலும் கண் முன்னால் வர வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கலாமா? அப்பா பட்டியலை மையால் எழுதினாரா, பென்சிலாலா?

பழைய கிராணி | ஞாயிறு, காலை 8.05

பென்சில்தான். மை கிடைக்கவில்லை. அதோடு, ராத்திரியில் ஆட்கள் வீட்டுக்கு வருவார்களாம். கோழி கொண்டுவருவார்கள், ஒருவர் மனைவியின் தோட்டைக் கொண்டுவந்தார் என்று அம்மா சொன்னார். காலையில் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வரும். அழிக்க ரப்பர் கடையில் ஏது? வெட்டு நின்று போயிருந்தாலும் ஸ்டோர் மூலையில் பழைய ஒட்டுப்பால், காய்ந்து இறுகிய ரப்பர் பால், கிடக்கும். அதில் ஒரு துண்டை உருட்டி மேசையில் வைத்திருப்பார். அதை வைத்துத்தான் அழிப்பார்.